எந்த மானுங்க?

விடுமுறை நாளில் விருத்தாசலத்திலிருந்து மனைவியுடன் சென்னைக்குப் போயிருந்தேன். கடற்கரையைப் பார்த்துவிட்டு மான் பூங்காவுக்குப் போனோம். அங்கே வேலி வழியாக முறுக்கு நீட்டிய ஒருவரிடம், கவரையும் சேர்த்துத் தின்றால் மான் பிழைக்காது என்று ஓய்வுபெற்ற அதிகாரியின் தோரணையில் விதிகளை விளக்கிக்கொண்டிருந்தேன்.

"ஊருக்குச் சொன்னது போதுங்க. அங்க நம்ம பையத் திங்குது பாருங்க" என்றாள் மனைவி.

வேலியில் நான் மாட்டியிருந்த பிளாஸ்டிக் பையைப் புளிசாதத்தோடு விழுங்கிவிட்டு, ஒரு புள்ளிமான் தன் கூட்டத்துக்குள் ஓடியது.

அபராதத்தை நினைத்துக் கொஞ்ச நேரம் தயங்கினேன். பிறகுதான் பூங்காக் காவலரிடம் சொன்னேன்.

"எந்த மானுங்க?" என்று கேட்டார்.

எல்லாமே ஒன்றுபோல் நின்றன. என்னால் காட்ட முடியவில்லை.

இப்போது வெளியூர் போனால் எவர்சில்வர் டப்பாவில்தான் சாப்பாடு கொண்டுபோகிறேன். அந்த மானுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை.