பல் பிடுங்கப் போன இடத்தில்

மார்பகப் புற்றுநோய் என் மனைவியின் முதுகெலும்புக்குப் பரவியிருந்தது. எலும்பைக் காக்க மாதம் ஒரு ஊசி; தேதி தவறாமல் அழைத்துப் போவேன். ஆனால் இரும்புலியூரில் அவளுக்குப் பல் பிடுங்கப் போனபோது, தெருவுக்குத் தெரிந்துவிடுமே என்று அதைச் சொல்லாமல் விட்டேன்.

ஈறு மரத்ததும் டாக்டரம்மா பல் பிடுங்கும் குறட்டைக் கையில் எடுத்தார். “வேற ட்ரீட்மென்ட் எதுவும் இல்லையே?”

“இல்ல மேடம்,” என்றேன்.

மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “கேன்சர் மேடம். எலும்புக்கு மாசாமாசம் ஊசி போடறாங்க. இவருக்கு வெளியே சொல்ல வெக்கம்.”

டாக்டரம்மா குறட்டைக் கீழே வைத்துவிட்டார். “என்ன சார் நீங்க! அந்த ஊசி போடறவங்களுக்குப் பல்லைப் பிடுங்கினா, தாடை எலும்பு ஆறாமலே போயிடலாம். கேன்சர் டாக்டரைக் கேக்காம நான் தொட மாட்டேன்.”

அவளுக்காக மறைப்பதாகத்தான் அதுவரை நினைத்திருந்தேன். பயந்தவன் நான், தாடை அவளுடையது.