செருப்பு எங்க கழட்டுறது?

பரந்தன் சந்தியில வான் வைச்சு ஹயருக்கு ஆள் ஏத்தி ஓடுறவனுக்கு றோட்டுத் தெரிஞ்சால் மட்டும் காணாது, கதவும் கூரையும் இல்லாத கோயிலில எந்த இடத்தில செருப்புக் கழட்டுறதெண்டும் தெரிஞ்சிருக்க வேணும்.

சிரிக்காதேங்கோ. வெளிநாட்டால வந்த சொந்தக்காரரை ஏத்திக்கொண்டு வன்னி முழுக்கத் திரிஞ்ச ஆக்களுக்கு என்ர பாடு விளங்கும். சண்டையில இடிஞ்ச கோயில், சேர்ச், பள்ளிவாசல் எல்லாம் பாக்கவேணும் எண்டுவினம். போய் இறங்கினால் செங்கல்லும் முள்ளுப் பத்தையும்தான் கிடக்கும். "வாசல் எது அண்ணை?" எண்டு என்னைத்தான் கேப்பினம். தெரியாது எண்டு சொன்னால் எனக்கு மரியாதை இல்லையே.

மூண்டு படி

முல்லைத்தீவுக் கரையில ஒரு சேர்ச். கனடாவில இருந்து வந்த ஒரு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போனனான். மணலுக்குள்ள மூண்டு படி தெரிஞ்சுது. படி இருந்தால் வாசல்தானே? "இதில கழட்டுங்கோ" எண்டன், பெரிய ஆள் மாதிரி. ஏழு சோடி சப்பாத்தையும் வரிசையா அடுக்கினம்.

பக்கத்தில நெத்தலி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு அக்கா எங்களைக் கனநேரம் பாத்தா. பிறகு கையைத் துடைச்சுக்கொண்டு கிட்ட வந்தா. “தம்பி, குறை நினைக்காதேங்கோ. நீங்கள் சப்பாத்து அடுக்கியிருக்கிறது சுவாமியார் பூசை வைக்கிற இடம்.”

நிலையைத் தடவுற மனிசி

போன வருசம் எஸ்தர் எண்டு ஒரு அம்மா இஞ்ச இடிஞ்ச கோயிலுகளைப் பாக்க மூண்டு நாளுக்கு வான் பிடிச்சவா. யூத மனிசி, அறுபது வயசு இருக்கும். போலந்தில ஊர் ஊராய்ப் போய், யூதர் விட்டிட்டுப்போன தொழுகைக் கூடங்களைத் தேடிப் பதியிறதுதான் அவாவின்ர வேலை. விட்டிட்டுப்போன எண்டு நான் சும்மா சொல்லிப்போட்டன். உலகப் போரில அவையளைப் பிடிச்சுக்கொண்டு போய்ச் சாக்காட்டினவங்கள். அவாவின்ர தாயின்ர ஊர்த் தொழுகைக் கூடம் பிறகு தானியம் போடுற களஞ்சியமாய்க் கிடந்ததாம். என்ர ஓட்டை இங்கிலீசுக்கு ஏத்தமாதிரி ஆறுதலாக் கதைப்பா. எனக்குப் பிடிச்சுப்போச்சு.

எந்த இடிஞ்ச இடத்துக்குப் போனாலும் வாசல் நிலையை விரலால தடவுவா. யூதர் வீட்டு நிலையில வேதம் எழுதின சுருளை ஒரு சின்னக் கூட்டுக்குள்ள வைச்சுச் சரிச்சு அடிச்சிருப்பினமாம். கூட்டைப் பிடுங்கிப் பெயின்ற் அடிச்சாலும் அந்தத் தடம் விரலுக்குத் தெரியுமாம். "ஊரவையைக் கேட்டால் சொல்லமாட்டினமோ?" எண்டு கேட்டன். அவா சொன்னா: “ஊரவை, இஞ்ச அப்பிடி ஆரும் இருக்கேல்லை எண்டுவினம். அதாலதான் நிலையைக் கேக்கிறன்.”

யூசுப் நானாவின்ர இருபது காலடி

எஸ்தரம்மா வந்த மூண்டாம் நாள் நெளுக்குளத்தில இரும்புக்கடை வைச்சிருக்கிற யூசுப் நானா எனக்கு ஃபோன் அடிச்சார். முஸ்லிம் ஆக்களை மரியாதைக்கு நானா எண்டுவம். முல்லைத்தீவுப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிவாசல். அவற்ற தகப்பன், வாப்பாதான், அதில தொழுகைக்குப் பாங்கு சொன்னவர். வாப்பாவை அதுக்குப் பக்கத்திலதான் அடக்கினவை. அடுத்த வருசம், தொண்ணூறில, முஸ்லிம் சனம் எல்லாத்தையும் இயக்கம் ஊரை விட்டு வெளிக்கிடச் சொல்லிப்போட்டுது. யூசுப் நானாவுக்கு அப்ப ஒன்பது வயசு. இப்ப புதுப் பள்ளி கட்டப்போயினம், திங்கக்கிழமை பத்தை வெட்ட, மண் கிண்டுற பெக்கோ மெஷின் வருது. அதுக்கு முதல் வாப்பாவின்ர கபுறைக் கண்டுபிடிச்சு வேலி அடைக்கவேணும். கபுறில நட்ட பலகையைக் கறையான் திண்டிருக்கும். ஆனா உம்மா தலைமாட்டிலயும் கால்மாட்டிலயும் முருகைக்கல்லு வைச்சவா. நானாவுக்கு ஞாபகம் இருக்கிறது ஒண்டுதான்: வாசலில செருப்பைப் போட்டுக்கொண்டு நேர இருபது காலடி.

எஸ்தரம்மாவும் வந்தா. நாலு பக்கமும் ஒரே பத்தை. "றோட்டுப் பக்கம்தான் வாசல்" எண்டு நான் அடிச்சுச் சொன்னன். அது சண்டைக்குப் பிறகு போட்ட றோட்டு எண்டது எனக்கு மண்டைக்குள்ள ஓடேல்ல. நானா எண்ணி எண்ணி நடந்து, இருபதாவது காலடியில தார் றோட்டில நிண்டுகொண்டு திரும்பிப் பாத்தார். “அண்ணை, வாப்பாவை நாங்கள் றோட்டுக்குக் கீழயா வைச்சனாங்கள்?”

சின்னக் கால்

எஸ்தரம்மாவுக்கு அங்க தடவ நிலையும் இல்லை. மற்றப் பக்கம் போய், கால் கழுவுற தொட்டி உடைஞ்சு கிடந்த இடத்தில குந்தியிருந்து சருகை விலக்கினா. நடுவில தேஞ்சு குழிவிழுந்த ஒரு கல்லு. ஈரக் கால் வைச்சுத் தேஞ்ச வாசல் கல்லு. நானா செருப்பைக் கழட்டிப்போட்டு அதில கால் வைச்சார்.

அந்தக் கல்லில இருந்து திரும்பவும் இருபது எண்ணினார். அதில ஒரு பாலை மரம், வேற ஒண்டுமில்லை. மனிசன்ர முகம் செத்துப்போச்சு. அப்பதான் எனக்குப் பிடிபட்டுது. "நானா, நீங்கள் நடந்தது ஒன்பது வயசுக் காலால" எண்டன். திரும்பிப் போய், சாரத்தைத் தூக்கிக்கொண்டு, அந்தப் பெரிய வயித்தோட குட்டிக் குட்டிக் காலடி வைச்சு வந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. இருபதில நிண்டு பட்டிப்பூச் செடியளை விலக்கினார். முருகைக்கல்லு ரெண்டும் இருந்தது. சிரிப்பு நிண்டுபோச்சு.

நாலு தடி நட்டுக் கம்பி இழுத்தம். நானா துஆ ஓதி முடிய, எஸ்தரம்மா ஒரு சின்னக் கல்லை எடுத்து, வைக்கவோ எண்டு கண்ணால கேட்டா. வந்து பாத்தன் எண்டு சொல்லுறதுக்கு யூத ஆக்கள் கபுறில கல்லு வைக்கிறவையாம். நானா தலையாட்டினார்.

தொண்ணூறில நான் மாமா வீட்டில நிண்டு முள்ளியவளையில படிச்சனான். அந்தச் சனம் பெட்டியும் பிள்ளையளுமாப் போகேக்க படலையடியில நிண்டு பாத்தனான். ஒரு சொல்லுக் கதைக்கேல்ல. வெக்கமாயிருந்தது. நானும் ஒரு கல்லைப் பொறுக்கிக்கொண்டு, "நானும் வைக்கலாமோ நானா?" எண்டு கேட்டன். அவர் என்ர முகத்தைப் பாத்தார், பிறகு காலைப் பாத்தார். “வையுங்கோ அண்ணை. முதல்ல செருப்பைக் கழட்டுங்கோ.”

ஊர் முழுக்கச் செருப்புக் கழட்டுற இடம் காட்டித் திரிஞ்ச எனக்கு, என்ர செருப்பு எங்க கழட்டவேணும் எண்டு தெரியவர முப்பது வருசத்துக்கு மேல போச்சு.