கடவுள் அறிய

நீதிமன்றத்தின் இரண்டாம் எண் அறையில் அவர் பத்தொன்பது வருடமாக பெஞ்ச் கிளார்க். நீதிபதிக்குக் கீழே, வழக்குக் கட்டுகளுக்கு நடுவே, ஒரு சின்ன மேசை. கட்டுகளை எடுத்துக் கொடுப்பது, தேதி குறிப்பது, கூண்டில் ஏறும் சாட்சிக்குச் சத்தியப் பிரமாணம் சொல்லிக்கொடுப்பது எல்லாம் அவர் வேலை. "கடவுள் அறிய நான் சொல்வதெல்லாம் உண்மை, உண்மையைத் தவிர வேறில்லை." ஒரு நாளைக்குப் பத்துச் சாட்சி, சில நாள் இருபது. தலையைத் தூக்காமல் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவார். சாட்சி பின்னாலேயே ஏதோ முணுமுணுப்பார், அதுவும் பிரமாணமாகிவிடும். வக்கீல்கள் அவருக்கு வைத்த பெயர் எக்ஸ்பிரஸ்.

ஆள் பக்திமான்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முதல் மணிக்கே போய்விடுவார். வீட்டில் தினமும் மாலை ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம் உண்டு. அதுவும் எக்ஸ்பிரஸ்தான். "யாராவது துரத்துறாங்களா?" என்பார் மனைவி. பேனா காணாவிட்டால் "கடவுளே", ஸ்டேப்ளர் மக்கர் செய்தால் "ஆண்டவரே", பஸ் போய்விட்டால் இரண்டும். "அப்பா ஜெபம் பண்றாங்களா, எதையாவது தேடுறாங்களான்னே தெரியலம்மா" என்று மகள் ஒரு தடவை சொன்னபோது அவரும் சேர்ந்து சிரித்தார்.

ஒரு விபத்து வழக்கில் தையல்காரம்மா ஒருவர் சாட்சி சொல்ல வந்தார். வேனை மோதி ஒரு சைக்கிள்காரரின் காலை முறித்தவன் அவருடைய சொந்தத் தம்பி. அக்கா அப்போது பக்கத்து சீட்டில் இருந்திருக்கிறார். வண்டி மெதுவாகத்தான் போனது என்று சொல்வதற்காகத் தம்பியின் வக்கீல் அவரை அழைத்து வந்திருந்தார்.

கிளார்க் வழக்கம்போலப் பிரமாணத்தை ஓட்டிவிட்டு, அடுத்த கட்டின் நாடாவை அவிழ்த்தார். கூண்டிலிருந்து சத்தமே இல்லை.

"சொல்லுங்கம்மா."

"இன்னொரு தடவை சொல்லுங்க சார். முதல் வார்த்தை காதுல சரியா விழல."

பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். கிளார்க் எரிச்சலை அடக்கிக்கொண்டு வார்த்தை வார்த்தையாகச் சொன்னார். "கடவுள்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா நின்றார். கூண்டின் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மீதியைச் சொன்னார். வக்கீல் வேகத்தைப் பற்றிக் கேட்டார்.

"வேகமாதான் போச்சு. மெதுவா போடான்னு ரெண்டு தடவை சொன்னேன். கேக்கல."

வக்கீலுக்கு முகம் செத்துவிட்டது. தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாப்பாட்டு இடைவேளையில் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட அந்த அம்மா கிளார்க்கின் மேசைக்கு வந்தார்.

"காது கேக்கறதுல ஏதாவது தொந்தரவாம்மா?" என்றார் கிளார்க்.

"காது நல்லாதான் இருக்கு சார்." கையெழுத்தைப் போட்டு முடித்தார். "பொய் சொல்லத்தான் வந்தேன். காலையிலேர்ந்து அதையேதான் மனப்பாடம் பண்ணேன். நீங்க சொன்ன வேகத்துக்கு, கடவுள் பேரு என் வாயில வராமலே தப்பிச்சிருக்கலாம். அப்படித் தப்பிக்கப் பாக்குறேனேன்னு எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. அதான் திரும்பக் கேட்டேன்."

குற்றம் சாட்டுகிற தொனி இல்லை. டாக்டரிடம் வலிக்கும் இடத்தைக் காட்டுவதுபோல் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று கிளார்க் டிபன் டப்பாவைத் திறக்கவில்லை. தன் அவசரத்தின் சந்தில் புகுந்து எத்தனை பேர் தப்பித்திருப்பார்கள் என்று யோசித்தார். பிடிபடவில்லை.

மாலை ஜெபத்தில், உம்முடைய நாமம் பரிசுத்தப்படுவதாக என்று கேட்கிற, பரமண்டல ஜெபத்தின் முதல் வேண்டுதலிலேயே நின்றுவிட்டார். மனைவி கண்ணைத் திறந்தார்.

"நெஞ்சு வலிக்குதா?"

"இல்ல. என்ன கேக்கறோம்னு யோசிச்சேன்."

"இத்தனை வருஷம் கழிச்சா?"

"ஆமா."

மனைவி மறுபடி கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

மறுநாளிலிருந்து அவர் எழுந்து நின்று, சாட்சியின் முகத்தைப் பார்த்து, நிறுத்திச் சொன்னார். எக்ஸ்பிரஸ் பாசஞ்சர் ஆகிவிட்டது என்று வக்கீல்கள் பேசிக்கொண்டார்கள். ஒரு மாதத்தில் நீதிபதி தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார்.

"பிரமாணத்துக்கே பாதி நேரம் போகுதுன்னு புகார் வருதே?"

"ஒரு சாட்சிக்குப் பத்து செகண்டு கூடுதலா ஆகுதுங்க ஐயா. வாட்ச் வச்சுப் பாத்தேன்."

"ஏன், என்ன ஆச்சு?"

"இவ்வளவு நாளா கடவுள் பேரை மென்னு துப்பிட்டு இருந்தேங்க ஐயா. சரியில்லைன்னு பட்டுது."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பத்து செகண்டுதானே. இருக்கட்டும்."

இதனால் பொய் ஒன்றும் குறைந்துவிடவில்லை. நிதானமாகக் கடவுளைச் சொல்லிவிட்டு அடுத்த மூச்சிலேயே புளுகியவர்கள் உண்டு. அது அவர்கள் பாடு என்று கிளார்க் இருந்துகொண்டார். வீட்டில்தான் சிரமம். பேனாவைத் தேடும்போது வாய் வரை வந்ததை விழுங்கினார். பாதி நாள் விழுங்க மறந்தார்.

ஒரு வருடம் கழித்து, வேலை முடிந்து வரும்போது பஸ் நிறுத்தத்தில் அந்தத் தையல்காரம்மாவைப் பார்த்தார். கையில் துணி மூட்டை. அந்த அம்மாதான் முதலில் அடையாளம் கண்டுகொண்டார்.

"தம்பி எப்படி இருக்காரு?"

"லைசென்ஸை ஆறு மாசம் பிடிச்சு வச்சாங்க. இப்ப ஓட்டுறான். என்கிட்ட பேசறதில்ல சார். பிள்ளைங்களையும் அனுப்பறதில்ல."

ஆண்டவர் பாத்துக்குவார்மா என்பது நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. யார் வீட்டில் என்ன துக்கம் என்றாலும் அதைச் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவது அவர் வழக்கம். இப்போது சொல்லவில்லை. மூட்டையின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்குத் திரும்பக் கேக்காம இருந்திருக்கலாமோன்னு சில நாள் தோணும்," என்றார் அந்த அம்மா.

"சில நாள்தானே?"

"சில நாள்தான்."

பஸ் வந்தது. அவரையும் மூட்டையையும் ஏற்றிவிட்டு, தன் பஸ்ஸுக்கு நின்றார். அன்று மாலை ஜெபத்தில் ஒரு அக்காவுக்காகவும் தம்பிக்காகவும் வேண்டிக்கொண்டார். முடிந்ததும், "யாருங்க அவங்க?" என்று மனைவி கேட்டார். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நடந்ததை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.