கஃபி லுட்ஸ் ஊற்றிய தவமணி அக்கா

செய்தி வந்தபோது நான் சுவிட்சர்லாந்தின் கூர் நகரில், வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் சமையற்கூடத்தில் மதியச் சாப்பாட்டு வண்டிகளை மாடிகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். அழைத்தவன் வில் நகரில் இருக்கும் நேசன், தவமணி அக்காவின் தம்பி. வழக்கமாக அவன் முதலில் காலநிலையை விசாரிப்பான், பிறகு என் முழங்காலை விசாரிப்பான். அன்று இரண்டையும் கேட்கவில்லை.

“அண்ணை, அக்கா விடியப்புறம் மோசம் போயிட்டா.”

“சுகமில்லாமல் கிடந்தவவோ?”

“ஓம். கொஞ்ச நாளா. ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாமெண்டவ.”

மிச்ச வண்டிகளையும் அனுப்பிவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

தவமணி அக்காவை லுட்சேர்னில் பலர் அறிவார்கள். அவர்களில் ஒரு பாதிப்பேருக்கு அவரை ‘மணி’ என்று மட்டும்தான் தெரியும். அவர்கள் சுவிஸ்காரர். மறுபாதி நம்மவர்கள். அவர்களுக்கு அவருடைய முழுப்பெயரும் ஊரும் குடும்பமும் தெரியும். அவர் செய்த வேலையின் பெயரைத்தான் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். இரண்டு பகுதியினரையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதியில் அக்கா யாழ்ப்பாணத்திலிருந்து வந்தார். அப்போது அவருக்கு நாற்பது வயது இருக்கும். திருமணம் செய்யவில்லை. தாய் தகப்பன் போன பிறகு தம்பி நேசனை வளர்த்து ஆளாக்கியவர் அவர்தான். நேசன் முன்பே வந்து வில்லில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். தம்பியோடு இருக்கலாம் என்று வந்த அக்காவை அகதி விண்ணப்பம் எடுத்தவர்கள் லுட்சேர்ன் மாநிலத்துக்குப் பிரித்து அனுப்பிவிட்டார்கள். அங்கே பழைய நகரத்தில், ஒரு தேவாலயத்துக்குப் பின்னாலிருந்த சந்தில், சிறிய உணவுக்கடை ஒன்றின் குசினியில் அவருக்கு வேலை கிடைத்தது. நான் அதே குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். அவர் உருளைக்கிழங்கு உரித்தார். முதலாளி ஒரு சுவிஸ் அம்மா. நாங்கள் அவரை ஷெஃபின் என்று அழைப்போம். குசினிக்கும் கடைக்கும் இடையில் சாப்பாடு நீட்டுகிற ஒரு சன்னல் இருந்தது. நான் கீழே சொல்பவற்றில் பெரும்பாலானவை அந்தச் சன்னலால் கண்டவை.

அந்தக் கடைக்கு ஆட்கள் வந்தது சாப்பாட்டுக்காக அல்ல. கஃபி லுட்ஸ் குடிக்க வந்தார்கள். லுட்ஸ் என்பது லுட்சேர்னின் சுருக்கம். உயரமான கண்ணாடிக் குவளையில் சீனி போட்டு, மிக மெல்லிய கோப்பியைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றி, அதன் மேல் ஆப்பிளிலும் பேரிக்காயிலும் வடித்த சாராயத்தை விடுவார்கள். நாடு முழுவதும் குடிக்கிறார்கள்; ஆனால் அதன் சொந்த ஊரில் குடித்தால்தான் குடித்த கணக்கு என்பது சுவிஸ்காரர் நினைப்பு. சொந்த ஊரில் எந்தக் கடையில் என்பதில் லுட்சேர்ன்காரர் தங்களுக்குள் ஒருபோதும் ஒத்துப்போனதில்லை. ஏரிக்கரை ஹோட்டல்களில் அதன் மேல் கிரீம் அடித்துக் கொடுப்பார்கள். எங்கள் சந்தில் அதைச் சொன்னாலே முகத்தைத் திருப்புவார்கள்.

ஒரு குளிர்காலம், முகமூடித் திருவிழாவுக்குக் கொஞ்சம் முன்பு, ஷெஃபின் பனியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். திருவிழா நாட்களில் அந்தக் கடையில் நிற்கவும் இடம் கிடைக்காது. கஃபி லுட்ஸ் ஊற்றிவந்தவர் அவர்தான்; வேறு ஆள் தேட நேரமில்லை. ஷெஃபின் சன்னலால் எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார். அக்கா உரித்துக்கொண்டிருந்த கிழங்கைத் தண்ணீருக்குள் போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் போனார்.

அக்காவுக்குச் சாராய வாசம் பிடிக்காது. போத்தலைத் திறக்குமுன் ஒரு கராம்பை வாயில் போட்டுக்கொள்வார். ஒரு சொட்டும் சுவைத்துப் பார்த்ததில்லை. எப்படிப் பதம் தெரிகிறது என்று கேட்டேன். “பிளேன்ரீ நிறம் வந்தாச் சரி. உதுக்கென்ன பெரிய படிப்பு?” என்றார். பிளேன்ரீ என்றால் எங்கள் ஊரில் பால் விடாத தேநீர்.

ஆனால் முதல் நாள் அப்படி இலேசாகப் போகவில்லை. வாடிக்கைக்காரர்களுக்கென்று ஒதுக்கிய மேசை ஒன்று அங்கே இருந்தது. வெளியார் அதில் உட்காரக் கூடாது. அந்த மேசையின் மூத்தவர் செப் என்ற கிழவர், ஏரிக் கப்பலில் எஞ்சின் பார்த்து ஓய்வு பெற்றவர். அக்கா கொடுத்த குவளையை அவர் வெளிச்சத்துக்கு உயர்த்திப் பார்த்தார்.

“மிகவும் கறுப்பு” என்றார்.

கோப்பியைச் சொன்னாரா, ஊற்றியவரைச் சொன்னாரா என்று அங்கிருந்த எவருக்கும் நிச்சயமில்லை. அவருக்கே நிச்சயமாகத் தெரிந்திருக்குமோ என்பது என் சந்தேகம். அக்கா குவளையை வாங்கிக் கவிழ்த்துவிட்டு, புதிதாக ஒன்று போட்டுக் கொண்டுபோய் வைத்தார்.

நல்ல கஃபி லுட்ஸ் என்றால் அதனூடாகப் பேப்பர் வாசிக்க முடிய வேண்டும் என்று சொல்வார்கள். செப், சுவரில் மரக்கோலில் கோர்த்துத் தொங்கிய அன்றைய பேப்பரை எடுத்துக் குவளைக்குப் பின்னால் பிடித்தார். ஒவ்வொரு சொல்லாக உரக்க வாசித்தார். “தமிழர்கள், திருப்பி, அனுப்பப்பட, வேண்டும்.” அந்த நாட்களில் பேப்பர்கள் எங்களைப் பற்றி அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தன. வாசித்து முடித்துவிட்டு, “இப்போது சரி” என்றார்.

அக்கா நகரவில்லை. அவருடைய ஜெர்மனில் அப்போது இலக்கணம் கிடையாது, சொற்கள் மட்டும்தான். “என்ன சரி? கோப்பியா? பேப்பரா?”

செப் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“கோப்பி” என்றார்.

“நல்லது” என்று சொல்லிவிட்டு அக்கா அடுத்த குவளைக்குப் போனார். செப் எழுந்து பேப்பரைச் சுவரில் மாட்டினார், தலைப்பு உள்பக்கம் போகும்படி.

அன்று வேலை முடிந்து நடக்கும்போது, “பயமில்லையோ அக்கா?” என்று கேட்டேன். “பயந்தான். கேக்காமல் வந்திருந்தா, அந்தாள் எதைச் சொன்னது எண்டு யோசிச்சு யோசிச்சே எனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கும்” என்றார்.

ஷெஃபினின் கை வைகாசியில் சுகமானது. ஆனால் அக்கா குசினிக்குத் திரும்பவில்லை. ஷெஃபினும் அனுப்பவில்லை. அதற்குள் வாடிக்கைக்காரர் ‘மணியின் கையால்’ என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள். நம்முடைய ஆட்களும் கதைக்கத் தொடங்கியிருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நேசன் பின்கதவால் குசினிக்கு வந்தான். நான் இருப்பதை அவன் பொருட்படுத்தவில்லை.

“அக்கா, சாராயம் ஊத்திறியாம். சனம் கதைக்குது.”

“ஓம், ஊத்திறன். குடிக்கிறேல்லையே.”

“பாரிஸிலை எனக்குப் பொம்பிளை பேசி வந்ததல்லே, அவையும் கேள்விப்பட்டிட்டினம். சம்பந்தம் வேண்டாமெண்டு சொல்லிப்போட்டினம்.”

அக்கா கதிரையில் உட்கார்ந்தார். அந்தச் சம்பந்தத்துக்கு ஆள்மேல் ஆள் விட்டுப் பேசியவர் அவர்தான். கையிலிருந்த துணியை மடித்தார், விரித்தார், திரும்பவும் மடித்தார்.

“திரும்பிக் குசினிக்கு வா. கேக்கிறவைக்குக் குசினி வேலை எண்டு சொல்லலாம்.”

“குசினியிலை நிண்டா ஒருத்தரும் என்னோடை கதைக்கிறேல்லை, நேசன். இஞ்சை கேக்கினம், நான் சொல்லுறன். ஊரிலையும் நான் அடுப்படிதான், இஞ்சையும் அதுதானோ?”

“அப்ப உனக்கு நான் முக்கியமில்லை.”

“முக்கியம். அதுக்காண்டி வரமாட்டன்.”

நேசன் போய்விட்டான். அதன் பிறகு அழைக்கவும் இல்லை, எழுதவும் இல்லை. அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் வில்லுக்குத் தொலைபேசி எடுப்பார். மறுபக்கம் அவனுடன் அறையில் இருக்கும் பையன் எடுத்து, ஆள் இல்லை என்பான். “சரி, அக்கா எடுத்தவ எண்டு சொல்லு” என்று வைத்துவிடுவார். அழுது நான் பார்த்ததில்லை. அந்தக் காலத்தில் கராம்பு கொஞ்சம் கூடுதலாகச் செலவானது என்று மட்டும் சொல்லலாம்.

அடுத்த ஆண்டுக் கோடை முடிவில், ஏரிக்கரை ஹோட்டல் வாசலில் நிற்கும் பணியாளர்களே எங்கள் கடையைக் கைகாட்டும் நிலை வந்தது. “கஃபி லுட்ஸ் எங்கே குடிக்கலாம்?” என்று கேட்கும் பயணிகளிடம், “பாலத்தைத் தாண்டுங்கள், தேவாலயத்துக்குப் பின்னால் சந்து, மணி என்று கேளுங்கள்” என்பார்களாம். அப்படித்தான் ஒரு நாள், ஒரு தொழிற்சாலையின் சுற்றுலாக் கூட்டம் கடைக்குள் நுழைந்தது. படகுக்கு நேரம் இருந்ததால் ஊரின் பேர்போன பானத்தைச் சரியான இடத்தில் குடிக்க வேண்டுமென்று அவர்களுடைய மேலாளர் விசாரித்துக் கூட்டிவந்திருந்தார். கடைசியாக உள்ளே வந்தவன் நேசன்.

அக்கா கண்டுவிட்டார். அவனும் கண்டான். மேலாளர் உற்சாகமான மனிதர்.

“நேசன், உன் நாட்டு அம்மா போலிருக்கிறதே. தெரியுமா?”

“இல்லை” என்றான் நேசன்.

சன்னலுக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கே அது கேட்டது. அக்காவுக்குக் கேட்காமல் இருக்க வழியில்லை. அவர் குவளைகளை வரிசையாக வைத்தார், சீனி போட்டார், கோப்பி ஊற்றினார். பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாக, “குமார், ஒரு பிளேன்ரீ. குவளையிலை தா. சீனி தூக்கலா” என்றார். நான் போட்டுக் கொடுத்தேன். மற்றக் குவளைகளோடு அதையும் தட்டில் வைத்தார். பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. நேசன் குடிப்பதில்லை. அவ்வளவு பேருக்கு நடுவில், மேலாளருக்கு முன்னால், வேண்டாமென்று சொல்லும் சங்கடம் அவனுக்கு வரக் கூடாது என்று நினைத்திருக்கிறார். இல்லை என்று அவன் சொன்ன பிறகுதான் இதைச் செய்தார்.

தேநீர்க் குவளையை அக்கா நேசனுக்கு நேரே வைத்தார். ஆனால் அவன் அதைத் தொடாமல் தலை குனிந்திருந்தான். பேச்சுச் சுவாரசியத்தில் மேலாளர் கையை நீட்டி அதை எடுத்து ஒரு மிடறு குடித்துவிட்டார்.

“இது தேநீர்” என்றார். மேசை முழுவதும் சிரித்தது. “லுட்சேர்னின் முதல்தரக் கஃபி லுட்ஸ் இதுதானா?”

“மன்னிக்க வேண்டும், அது அவருடையது” என்று அக்கா நேசனைக் காட்டினார்.

“அவன் குடிப்பதில்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?”

‘என் தம்பி’ என்று அக்கா சொல்லியிருக்கலாம். சொல்லாமல் மேசையில் சிந்தியிருந்ததைத் துடைத்தார். துடைத்து முடிந்த இடத்தையே திரும்பவும் துடைத்தார்.

“என்னுடைய அக்கா” என்றான் நேசன்.

“இப்போதுதானே தெரியாது என்றாய்?”

நேசனின் முகம் இருண்டு போயிருந்தது. சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டு எங்கே பார்ப்பதென்று தெரியாமல் இருந்தார்கள். அப்போது வாடிக்கைக்காரர் மேசையில் ஒரு கதிரை இழுபட்டது. செப் கிழவர்தான். “மணியின் தம்பி என்றால் இங்கே வந்து இரு” என்றார். நேசன் அக்காவைப் பார்த்தான். அக்கா தலையசைத்தார். அவன் தேநீரையும் எடுத்துக்கொண்டு போய், அந்தக் கிழவர்களுக்கு நடுவில் உட்கார்ந்தான். நான் வேலை செய்த காலத்தில் வெளியார் ஒருவர் அந்த மேசையில் உட்கார்ந்ததை அன்று மட்டுமே கண்டேன்.

படகுக்கு நேரமாகி மற்றவர்கள் எழுந்தார்கள். மேலாளர் அக்காவுக்குக் கைகொடுத்துவிட்டுப் போனார். நேசன் போகவில்லை, பிறகு ரயிலில் வருவதாகச் சொன்னான். வெறுமையான மேசையில் கிடந்த குவளைகளைப் பொறுக்கிச் சன்னலுக்குக் கொண்டுவந்து வைக்கத் தொடங்கினான்.

“விடு, உடைச்சுப்போடுவாய்” என்றார் அக்கா. ஒரு ஆண்டுக்கு மேலான இடைவெளிக்குப் பிறகு அவர் தம்பியிடம் தமிழில் சொன்ன முதல் வார்த்தை அது.

“உடைக்கமாட்டன்” என்றான் அவன்.

இருவரும் வேறென்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் சன்னல் கதவைச் சாத்திவிட்டேன்.

நேசனுக்குப் பின்னாளில் நல்ல இடத்தில் கல்யாணம் நடந்தது. ஷெஃபின் முதுமையில் கடையை விற்றார். இப்போது அங்கே கண்ணாடி விற்கிறார்கள். அக்கா பிறகு வேறு இரண்டு கடைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். நான் கூருக்கு மாறிய பின் ஆண்டுக்கொருமுறை சந்திப்போம். ஏரிக்கரை வாங்கில் உட்கார்ந்து வடை சாப்பிடுவோம். கடையைப் பற்றி அதிகம் கதைத்ததில்லை.

இறுதிச் சடங்கு சென்ற வாரம் நடந்தது. தேவாரம் பாடினார்கள். பின்வரிசையில் சில சுவிஸ் முதியவர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் செப்பின் மகள். அக்காவோடு பழகியிராத ஒரு பெரியவர் எழுந்து, அன்னார் விருந்தோம்பல் துறையில் பல்லாண்டு பணியாற்றியவர் என்று பேசினார். பேச்சு முடிந்ததும், நிகழ்ச்சியில் இடமில்லாதிருந்தும் நேசன் எழுந்தான்.

“அப்பிடிச் சொன்னா அக்காவுக்குப் பிடிக்காது” என்றான். “என்ர அக்கா லுட்சேர்னிலை கோப்பிக்குச் சாராயம் ஊத்தினவ. நல்லா ஊத்தினவ. ஊரே தேடி வந்து குடிச்சது.” பிறகு பின்வரிசைக்காக அதையே ஜெர்மனிலும் சொல்லிவிட்டு உட்கார்ந்தான். மண்டபத்தில் யாரும் முணுமுணுக்கவில்லை.

அக்காவிடமிருந்து என்னிடம் பொருள் ஒன்றும் இல்லை. படம்கூட இல்லை. நாங்கள் எல்லோரும் அந்தக் காலத்தில் வீட்டுக்கு எழுதும்போது ‘ஹோட்டலில் வேலை’ என்றுதான் எழுதினோம். கேட்டவர்களுக்கும் இத்தனை ஆண்டுகளாக அதையே சொல்லிவந்தேன். நேற்று எங்கள் சமையற்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த பெண், இந்த நாட்டில் என்ன வேலையோடு தொடங்கினீர்கள் என்று கேட்டாள்.

“கோப்பை கழுவினேன்” என்றேன்.

“எங்கே?”

“லுட்சேர்னில். தவமணி அக்கா சாராயம் ஊற்றிய கடையில்.”