குண்டடத்துக் காட்டில் இறங்கிய விமானம்

செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்குக் கோயம்புத்தூர் ரயில் நிலையத்தில் இறங்கினேன். தோளில் ஒரு பை, கையில் மூன்றடி நீளப் பிளாஸ்டிக் குழாய். குழாய்க்குள் ஒரு பெரிய புகைப்படம் சுருட்டி வைத்திருந்தேன். அதைக் குண்டடம் பக்கத்தில் ஒரு வீட்டில் கொடுத்து மன்னிப்புக் கேட்க வேண்டும். சென்னையிலிருந்து அதற்காகத்தான் வந்தேன். எனக்கு எழுபத்தெட்டு வயது. மன்னிப்பைத் தபாலில் அனுப்பியிருக்கலாம், மகள் அப்படித்தான் சொன்னாள். தப்பைத் தபாலில் அனுப்பியவன் நான். மன்னிப்பையாவது நேரில் கொண்டுபோகலாம் என்று தோன்றியது.

காந்திபுரத்தில் ஒரு விடுதியில் தொள்ளாயிரம் ரூபாய்க்கு அறை எடுத்துக் குளித்துவிட்டு, டவுன் பஸ்ஸில் சிங்காநல்லூர் போனேன். அங்கிருந்து பல்லடம் வழியாகத் தாராபுரம் பஸ். குண்டடம் அறுபத்தைந்து கிலோமீட்டர் அளவு, டிக்கெட் ஐம்பத்தைந்து ரூபாய். கண்டக்டர் என் குழாயைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"ஏனுங்கய்யா, உள்ளார என்னங்க, துப்பாக்கியா?"

படம் என்றேன். எந்தச் சாமி படம் என்று கேட்டார். சாமி இல்லை, ஓர் அம்மாவின் படம் என்றேன்.

"அப்பச் சீட்டுலயே வெச்சுக்குங்க. பொம்பளைய நிக்க வெக்காதீங்க."

பஸ் சூலூரைத் தாண்டும்போது தலைக்கு மேலே ஒரு விமானம் போனது. என்னைத் தவிர யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

நான் செய்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பொறியியல் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். பழைய படங்களை வைத்துக்கொண்டு, இரண்டாம் உலகப் போர்க்கால விமானங்களின் மேலிருக்கும் குறிகளையும் ஒட்டுகளையும் ஆராய்வது என் நெடுநாள் பழக்கம். அப்போது இந்தப் பக்கம் பறந்த பிரிட்டிஷ் விமானங்களில் வட்டச் சின்னத்தின் நடுவே இருந்த சிவப்பை வண்ணம் பூசி மறைத்தார்கள். ஜப்பானியரின் சின்னம் சிவப்பு வட்டம். தூரத்தில் பார்த்துத் தம்மவரே சுட்டுவிடக் கூடாதல்லவா? பூசி மறைத்த இடம் கறுப்பு வெள்ளைப் படத்தில் லேசாகச் சாயல் மாறித் தெரியும். சில வகை விமானங்களில் வால்பக்கத்து உடலுக்குத் துணிதான் போர்த்தியிருப்பார்கள். அது கிழிந்தால் துணியாலேயே ஒட்டுப் போட்டு மேலே பூச்சுப் பூசுவார்கள். புது ஒட்டு தனியாகத் தெரியும். இவற்றை வைத்து, இது இன்ன விமானம், இன்ன காலத்தில் எடுத்த படம் என்று சொல்லலாம். அப்படிச் சொல்லும்போது வரும் கர்வம் இருக்கிறதே, அதுதான் என்னைக் கெடுத்தது.

ஒன்பது வருடம் முன்பு, சென்னியப்பன் என்ற விவசாயி உள்ளங்கை அளவுப் படம் ஒன்றை எனக்கு அனுப்பினார். சோளக்காட்டில் வயிறு தரைதட்டிக் கிடக்கும் விமானத்தின் வால்பகுதி. அதை ஒட்டி ஓர் இளம்பெண். போர்க்காலத்தில் எங்கள் காட்டில் இறங்கிய விமானம், நிற்பது என் அம்மா, படமெடுத்த அதிகாரி பிறகு ஒரு பிரதியை அனுப்பிவைத்தார் என்று எழுதியிருந்தார். அதே சமயம் இங்கிலாந்திலிருந்து ஒரு பெண்மணி, விமானியாக இருந்த தன் தகப்பனாரின் ஆல்பத்திலிருந்து ஒரு படம் அனுப்பியிருந்தார். அந்தத் தகப்பனார் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு காட்டில் இறங்கிப் பிழைத்தவர். அந்தப் படத்தில் விமானத்தின் இடப்பக்கம் இரண்டு சதுர ஒட்டுகள். சென்னியப்பன் படத்திலும் இடப்பக்கம் அதே இரண்டு ஒட்டுகள்.

இரண்டும் ஒரே விமானம் என்று சின்னப் பையன்கூடச் சொல்லியிருப்பான். நான் சொல்லவில்லை. காரணம், அந்தப் பெண்ணின் முந்தானை வலத்தோளில் இருந்தது. நான் பார்த்த பெண்களெல்லாம் இடத்தோளில் போடுகிறவர்கள். ஆகவே நெகடிவைப் புரட்டிப் போட்டுப் படத்தை அச்சிட்டிருக்கிறார்கள், இடம் வலமாகிவிட்டது என்று முடிவு கட்டினேன். விமானத்தின் எண் தெரிந்திருந்தால் உண்மை புரிந்திருக்கும். அந்தப் பெண் எண்ணை மறைத்துக்கொண்டு நின்றாள். தெரிந்த ஒரே எழுத்து ஆங்கில 'A'. அதைப் புரட்டினாலும் அதேதான்.

படத்தைத் திருப்பினேன். ஒட்டுகள் வலப்பக்கம் போயின. இது வேறு விமானம் என்று ஓர் இதழில் எழுதினேன். "இடம் தெரியவில்லை. அருகில் ஒரு கூலிப் பெண்" என்று படத்துக்குக் கீழே குறிப்பும் போட்டேன். இங்கிலாந்துப் பெண்மணிக்கு, இது உங்கள் தகப்பனாரின் விமானம் இல்லை என்று கடிதம் போட்டேன். சென்னியப்பனுக்கு அவர் படத்தோடு, 'சரிசெய்த' பெரிய படம் ஒன்றையும் என் செலவில் அனுப்பினேன். அன்போடு வாங்கிக்கொண்டதாகப் பதில் வந்தது.

போன மாதம் வேறு ஒரு வேலையாகக் கொங்குப் பக்கத்துப் பழைய குடும்பப் படங்கள் சிலவற்றைப் பார்க்க நேர்ந்தது. வயதான பெண்கள் பலருக்கும் முந்தானை வலத்தோளில். பக்கத்தில் நிற்கும் ஆண்களின் சட்டைப் பொத்தான்கள் சரியான பக்கத்தில். அப்படியானால் அந்தப் படங்கள் புரண்டவை அல்ல. சென்னியப்பன் படமும் புரண்டதல்ல, புரட்டியது நான்தான்.

பதினொன்றேகாலுக்குக் குண்டடம். ஆட்டோவில் நான்கு கிலோமீட்டர், நூறு ரூபாய். வழியெல்லாம் காற்றாலைகள், மக்காச்சோளம், வேலி போட்ட மேய்ச்சல் காடுகள். இந்தப் பக்கம் வயலையும் காடு என்றுதான் சொல்கிறார்கள். வருவதாக முன்பே சொல்லியிருந்தேன், சென்னியப்பன் வாசலிலேயே நின்றிருந்தார். எழுபது வயது இருக்கும், வெள்ளைச் சட்டை. அவர் மனைவி சரஸ்வதி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, குடித்து முடிக்கும்வரை நின்றார்.

உள்ளே போனதும் அது கண்ணில் பட்டது. நான் அனுப்பிய படம், நல்ல மரச் சட்டம் போட்டு, மாலையோடு. தப்பான தோளில் முந்தானை போட்ட, சென்னியப்பனின் அம்மா பொன்னாத்தாள். அதற்கு நேர் எதிரே, சுவரை அடைத்துக்கொண்டு ஓர் இரும்பு பீரோ.

உட்காருவதற்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். படத்தைத் திருப்பியது நான், தப்பு என்னுடையது, இவர்கள் சொன்னது முழுக்கச் சரி. சென்னியப்பன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரஸ்வதிதான் பேசினார்.

"தெரியுமுங்க."

எப்போது தெரியும் என்று கேட்டேன்.

"படம் வந்த அன்னைக்கேங்க. அத்தை கூடவே இருந்தவ நான், எந்தத் தோள்ல சீலை போடுவாங்கன்னு தெரியாதுங்களா? பாக்கப் பாக்க வேற ஆரோ ஊட்டுக்குள்ள நிக்கற மாதிரி இருந்துச்சு. அதான் பீரோவ எதுக்க தள்ளி வெச்சுப்போட்டேன். இங்க வந்து பாருங்க."

பீரோக் கண்ணாடியின் முன்னால் என்னை நிறுத்தினார். கண்ணாடிக்குள் முந்தானை வலத்தோளில் இருந்தது. ஒட்டுகள் இடப்பக்கம் வந்திருந்தன. ஆல்பத்தில் இருந்தது போலவே இரண்டு சதுரங்கள், ஒன்றுக்குப் பின் ஒன்று. ஒன்பது வருடமாக இந்த வீட்டுக்கு வருகிறவர்களையெல்லாம் பீரோவில் பார்க்கச் சொல்லித்தான் மாமியாரைக் காட்டியிருக்கிறார்கள்.

ஏன் எனக்கு ஒரு வரி எழுதவில்லை என்று கேட்டேன்.

"படிச்சவங்க, உங்க காசைப் போட்டு இத்தாப் பெருசு பண்ணி அனுப்பியிருக்கறீங்க. மூஞ்சிக்கு நேரா தப்புன்னு எப்படிங்க சொல்றது?"

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். சென்னியப்பன் சிரிக்கவில்லை. அவர் மனத்தில் இருந்தது வேறு என்று அப்போதுதான் புரிந்தது. மெதுவாகத்தான் பேசினார், மரியாதை ஒரு சொட்டும் குறையாமல்.

"படத்தத் திருப்புனது போவட்டுங்க. கூலிப் பொம்பளைன்னு எழுதிப்போட்டீங்க. கூலிக்குப் போறது கேவலமில்லீங்க, எங்கம்மாளும் போனவதான். ஆனா அன்னைக்கு அவ நின்னது அவ காட்டுல. கூட்டம் எறங்கிச் சோளத்த மிதிச்சுப்போடும்னு, ஏரோப்ளேன் வாலப் புடிச்சுட்டுப் பொழுதுக்கும் நின்னுருக்கறா. உங்க எழுத்தப் பாத்துட்டு எங்க பங்காளிக இன்னைக்கு வரைக்கும் என்னைய 'ஏரோப்ளேன்'னுதாங்க கூப்புடறாங்க. பொய் சொன்னவன்னு அர்த்தம்."

அந்தப் பெண்ணை நான் இடம் எது வலம் எது என்று காட்டும் அம்புக்குறியாகத்தான் பயன்படுத்தியிருக்கிறேன். ஒட்டுகளை அளந்தவன், அவள் அங்கே ஏன் நிற்கிறாள் என்று கேட்கவில்லை. இதை அவரிடம் அப்படியே சொன்னேன். திருத்தம் எழுதி அதே இதழில் அச்சிடச் சொல்வதாகவும், படத்தின் கீழே என்ன போட வேண்டும் என்று அவரே சொல்லலாம் என்றும் சொன்னேன். அவர் சட்டென்று எழுந்து, வெயில் இன்னும் ஏறுவதற்கு முன்னால் காட்டைப் பார்த்துவிடலாம் என்றார்.

வீட்டின் பின்னாலேயே காடு. இப்போது மக்காச்சோளம் முழங்கால் உயரம். விமானம் கிடந்த இடத்தைச் சென்னியப்பன் கால்களாலேயே கோடு போட்டு அளந்து காட்டினார். வால் இங்கே, அம்மா இங்கே. அந்த இடத்தை என் செல்போனில் படமெடுத்தேன். இங்கிலாந்துப் பெண்மணிக்கு என் தப்பை முன்பே எழுதிவிட்டேன். எண்பதை நெருங்கும் அவர் கேட்டது ஒன்றுதான்: அந்தக் காட்டின் படம். அங்கேயே நின்று அனுப்பினேன். அப்போது சென்னியப்பன் நான் கேட்டதற்குப் பதில் சொன்னார்.

"பொன்னாத்தாள், தன் காட்டில். அவ்வளவு போட்டாப் போதுமுங்க."

ஏரோப்ளேனைப் பற்றி ஒன்றும் வேண்டாமா என்றேன். அதுதான் படத்தில் தெரிகிறதே என்றார். அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தார்.

மத்தியானம் சோறு. அரிசியும் பருப்பும் சேர்த்து வேகவைக்கும் அரிசிம்பருப்பு இல்லாமல் விட மாட்டேன் என்று சரஸ்வதி அதையும் தனியாகச் செய்திருந்தார். சாப்பிட்ட பிறகு சட்டத்தைக் கழற்றி, பழைய படத்தை எடுத்துவிட்டுக் குழாயிலிருந்த படத்தைப் போட்டோம். சுருண்டிருந்ததை விரிக்க நான்கு மூலையிலும் தேங்காய் வைத்தோம். மாட்டியதும் சரஸ்வதி கொஞ்ச நேரம் பார்த்தார். "வந்துட்டாங்க" என்று மட்டும் சொன்னார்.

மணி மூன்றரை ஆனது. கிளம்பலாம் என்று பையை எடுத்தேன். "ஐயா, ஒரு கை புடிங்க" என்றார் சென்னியப்பன். இரண்டு கிழவர்களும் பீரோவைத் தள்ளினோம். அது முனகிக்கொண்டு மூலைக்கு நகர்ந்தது. பின்னால் ஒரு ஜன்னல் இருந்தது. தாழ்ப்பாள் துருவேறி இறுகிப் போயிருந்தது, உலக்கையால் தட்டித்தான் திறக்க முடிந்தது. காற்று உள்ளே வந்து மாலையை அசைத்தது. வெளியே, சற்று முன் நாங்கள் நின்ற காடு.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. எங்கள் வீட்டில் தப்பை முகத்துக்கு நேரே சொல்வார்கள், சத்தம் போடுவார்கள், மறுநாள் மறந்துவிடுவார்கள். இங்கே ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் மரியாதை கெடக்கூடாதென்று ஒன்பது கோடைகளைக் காற்றில்லாமல் கழித்திருக்கிறார்கள். எது மேல் என்று எனக்குத் தெரியவில்லை. பல்லடம் தாண்டியதும் தூக்கம் வந்துவிட்டது. பல நாட்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன். சிங்காநல்லூரில் கண்டக்டர்தான் தோளைத் தட்டி எழுப்பினார்.