வீட்டுக் கடனும் பின்னறை மூட்டையும்

சென்ற ஆண்டு தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும். சிவகாசியில், நாரணாபுரம் போகிற சாலையை ஒட்டிய எங்கள் வீட்டில், ஒரு மழை நாள் மாலையில் இது நடந்தது.

நான் விருதுநகரில் அரசு அலுவலகத்தில், பட்டாசு உரிமக் கோப்புகளைப் பார்க்கும் பிரிவில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு கொட்டகைக்கும் இன்னொரு கொட்டகைக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும், ஓர் அறைக்குள் எத்தனை பேர் உட்காரலாம், எந்த மருந்தை எதன் பக்கத்தில் வைக்கக் கூடாது என்பதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். யாரும் எழுப்பிக் கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.

ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் வங்கிக் கடனில் இந்த வீட்டைக் கட்டினோம். தவணை ஓய்வூதியத்திலிருந்து ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் திடீரென இறந்துபோனார். மீதிக் கடனுக்காக அவர் மனைவி வாரிசுச் சான்றுக்கு ஓர் அலுவலகம், வட்டிக் கணக்குக்கு வங்கி என்று வெயிலில் அலைந்ததைப் பார்த்தேன். அன்று முதல் எனக்குத் தூக்கம் கெட்டது. எங்கள் ஒரே மகள் திருமணமாகி வெளியூரில் இருக்கிறாள். நான் போய்விட்டால் கடன் என் மனைவியின் தலையில் விழும். அதற்குள் மொத்தத்தையும் அடைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். முன்கூட்டியே கட்டினால் அபராதம் உண்டா என்பதைக் கடன் ஒப்பந்தத்தில் மூன்று முறை படித்து, இல்லை என்று உறுதி செய்துகொண்டேன்.

பிறகு வீட்டில் சிக்கனம் தொடங்கியது. செய்தித்தாளை நிறுத்தினேன், காலையும் மாலையும் நூலகத்துக்கு நடந்து போய் இலவசமாகப் படித்தேன். அந்த நேரத்துக்கு வீட்டு மின்விசிறியும் மிச்சம். இன்வெர்ட்டர் பேட்டரி உயிரை விட்டது, புதிது வாங்கவில்லை. பின்னறை தேவையில்லை என்று பூட்டச் சொன்னேன். டார்ச் விளக்குக்குப் புது பேட்டரி செல்கள் அடுத்த மாத ஒதுக்கீட்டில் வரவிருந்தன, பல மாதங்களாக.

வீட்டுச் செலவுக்கு என்று மாத முதல் தேதியில் ஒரு தொகையை மனைவியிடம் கொடுத்துவிடுவேன். முதல் மாதக் கடைசியில் அவள், "கொஞ்சம் மிச்சம் இருக்கு" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அரசாங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒதுக்கிய பணத்தைச் செலவழிக்காவிட்டால் அதைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும். அடுத்த ஆண்டு ஒதுக்கீடும் குறையும். அதனால்தான் மார்ச் மாதம் வந்தால் ஒவ்வொரு துறையும் நாற்காலியாக வாங்கிக் குவிக்கும். என் மனைவி அரசு வேலை பார்த்தவள் அல்ல. மிச்சத்தை அப்பாவியாகச் சொன்னாள். நான் அதைத் திரும்ப வாங்கிக் கடனில் கட்டிவிட்டு, அடுத்த மாதத் தொகையில் அதே அளவைக் குறைத்தேன். அந்த மாதமும் எப்படியோ ஒப்பேற்றினாள். சமையலறை உண்டியலில் மிஞ்சியிருந்ததை எண்ணிப் பார்த்து மறுபடி குறைத்தேன். சாப்பாட்டில் குறை தெரியவில்லை. காலையில் இட்லி, மதியம் குழம்பு, வாரம் ஒரு நாள் மீன் கூட. இவ்வளவு திறமையான நிர்வாகியைப் பணிக்காலத்தில் நான் பார்த்ததே இல்லை என்று சங்கத்தில் மற்ற ஓய்வூதியர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அன்று கடனில் கடைசியாக இருந்த பெரிய பாக்கியை மறுநாள் காலை கட்டிவிடலாம் என்ற நிலை. மதியமே இடியும் மழையும் பிடித்து மின்சாரம் போய்விட்டது. இருவருடைய கைப்பேசியிலும் சார்ஜ் இல்லை. மாலை மங்கியபோது, கடன் ஒப்பந்தம் இருக்கிற கோப்பை எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு மெழுகுவத்தியை ஏற்றினேன். கோப்பு பின்னறைப் பீரோவில் இருந்தது.

"இந்த இருட்டுல எதுக்கு? காலையில எடுத்துக்கிடலாம்ல?" என்றாள் மனைவி.

"காலையில முதல் ஆளா வங்கியில நிக்கணும்."

"முதல் ஆளா நின்னா வட்டியில தள்ளுபடி தாராகளாக்கும்?"

சாவியைத் தர அவள் தயங்கியதை நான் கவனிக்கவில்லை. ஆணியில் தொங்கியதை நானே எடுத்துத் திறந்தேன். உள்ளே பீரோவை மறைத்துக்கொண்டு இரண்டு சாக்கு மூட்டைகள்.

"என்ன இது? பழைய பேப்பர் வியாபாரமா?"

"அது ஒரு பொம்பள வச்சிட்டுப் போயிருக்கா. நீங்க தொடாதீக."

தொடாதே என்று சொன்னால் தொட்டுப் பார்ப்பது தணிக்கை செய்து பழகிய கை. ஒரு மூட்டையின் வாயில் இருந்த சணலை உருவினேன். மேலே விரல் நீளத்துக்குச் சுற்றிய காகிதக் குழாய்கள். பட்டாசுக்கு மருந்து அடைக்கும் வெறும் குழாய்கள்தான். இந்த ஊரில் எத்தனையோ பெண்கள் வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிறார்கள். அதற்குக் கீழே என்ன என்று மெழுகுவத்தியைக் கிட்டத்தில் பிடித்துக்கொண்டு கையை விட்டேன். கட்டுக் கட்டாகக் கயிறு போல ஏதோ தட்டுப்பட்டது.

அந்த நேரம் பார்த்து வாசல் இரும்புக் கதவு படாரென்று திறந்தது. "மதினி! மதினி!" என்று ஒரு பெண் குரல். என் மனைவி ஓடினாள். அடுத்த நொடி அந்தக் குரல் வீட்டுக்குள்ளேயே கேட்டது.

"ஐயா, மெழுகுவத்தி! வெளிய கொண்டு போங்க! மூட்டைக்குள்ள திரி இருக்கு!"

கையை உருவிப் பார்த்தேன். விரல்கள் கறுப்பாக இருந்தன.

கருந்திரி. பட்டாசுக்குள் வைக்கிற, கரிமருந்து பூசிய நூல். உரிமம் இல்லாமல் வீட்டில் வைத்திருந்தால் குற்றம். வைத்திருந்து தீப்பிடித்தால், குற்றம் சாட்ட வீட்டில் ஆள் மிஞ்சாது. அப்படி மிஞ்சாமல் போன வீடுகளைப் பற்றிய அறிக்கைகள் என் மேசை வழியாகப் போயிருக்கின்றன. "அருகில் எரிந்துகொண்டிருந்த தீயினால்" என்ற சொற்களை என் கையாலேயே திருத்தி எழுதியிருக்கிறேன். அந்த எரிந்துகொண்டிருந்த தீ இப்போது என் இடது கையில், சாக்கு வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. உருகிய மெழுகு கட்டைவிரலில் வழிந்து சுட்டது.

சுவரோடு சுவராகப் பின்னால் நகர்ந்தேன். கூடத்தைத் தாண்டி, வாசலைத் தாண்டி, கையை மழையில் நீட்டினேன். மெழுகுவத்தி அணைந்தது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

வந்த பெண்ணுக்கு ஐம்பது வயது இருக்கும். சேலை முழுக்க நனைந்து, ஒரு செருப்பு எங்கோ அறுந்து விழுந்து, ஒற்றைச் செருப்போடு நின்றாள். அவளும் என் மனைவியும் அந்த மூட்டையைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிப் புழக்கடைச் சிமெண்டுத் தொட்டியில் இறக்கினார்கள். வெளிச்சத்துக்கு வந்தவளின் கைப்பேசி. மனைவி வாளியைக் கையில் எடுத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில் என் முகத்தைப் பார்த்தாள்.

"எம்புட்டுத் தண்ணி ஊத்தட்டும்?"

எங்கள் ஊரில் குழாய்த் தண்ணீர் எப்போது வரும் என்பது குழாய்க்கே தெரியாது. ஆளுக்கு ஒரு வாளி என்பது என் உத்தரவு.

"அம்புட்டையும் ஊத்து" என்றேன்.

தொட்டி நிறைந்து கறுப்பாக வழிந்த பிறகு நான் அந்தப் பெண்ணைப் பார்த்து, "நீ யாரும்மா?" என்றேன்.

பதில் என் மனைவியிடமிருந்து வந்தது. "நான் சுத்துத குழாய எடுத்துட்டுப் போறவ."

"நீ குழாய் சுத்துறியா?"

"நீங்க நூலகத்துக்குப் போற நேரத்துல."

அந்தப் பெண் வெம்பக்கோட்டைப் பக்கத்து ஊர்க்காரி. வாரம் ஒரு முறை வந்து சுற்றிய குழாய்களை வாங்கிக்கொண்டு, காகிதமும் கூலியும் கொடுத்துவிட்டுப் போவாள். முந்தின நாள் வந்தபோது, கம்பெனியில் எடுக்கவில்லை, இரண்டு நாள் இருக்கட்டும் என்று ஒரு மூட்டையை இங்கேயே போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். மற்ற மூட்டையில் இருந்தது மனைவி சுற்ற வைத்திருந்த காகிதம்தான். திரி இருந்த மூட்டையைக் கட்டிக் கொடுத்து, எங்கள் வீட்டில் வைக்கச் சொன்னது அவளுடைய மருமகன். அவர்கள் ஊரில் வீடு வீடாகச் சோதனை வருகிறது என்று தெரிந்ததும், தான் திருட்டுத்தனமாகச் செய்த திரியைக் குழாய்க்கு அடியில் மறைத்துக் கட்டியிருக்கிறான். இன்று மதியம் குடிபோதையில் உளறிவிட்டான்.

"ஏம்லே இப்பிடிச் செஞ்சன்னு கேட்டா, லைசென்ஸ் ஆபீசர் வீட்டுக்குள்ள எவன் வந்து பாக்கப் போறான்னு சிரிக்கான் ஐயா" என்றாள். பிறகு என் மனைவி பக்கம் திரும்பி, "போனு போட்டேன், போட்டேன், நீங்க எடுக்கவே இல்ல மதினி. ஒங்க தெருப் பக்கம் புகை தெரியுதான்னு பாத்துக்கிட்டேதான் பஸ்ஸுல வந்தேன்" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

என் பதவிக்கு இப்படி ஒரு பயன் இருக்கும் என்று எனக்கு ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது.

"போலீசுக்குச் சொல்லணும்னா சொல்லிருங்க ஐயா. நான் இங்கனயே இருக்கேன்" என்றாள் அவள்.

நடைமுறை எனக்குத் தெரியும். முதல் பெயர் வீட்டுக்காரன், அதாவது நான். இரண்டாவது மூட்டையை வாங்கி வைத்தவள். மூன்றாவது கொண்டு வந்தவள். இது அவளுக்கும் தெரியாமல் இருக்காது. தெரிந்தேதான் பஸ் ஏறி வந்திருக்கிறாள். வராமலே இருந்திருந்தால் எங்கள் வீட்டோடு அவள் மருமகனுக்கு எதிரான சாட்சியமும் போயிருக்கும். நான் புகார் கொடுக்கவில்லை. அது சரியா என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அவளுக்கு ஒரு துண்டும் என் பழைய செருப்பும் கொடுத்து அனுப்பிவிட்டு, மனைவியிடம் கேட்டேன்: "ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"என்னன்னு சொல்ல? மிச்சம்னு ஒரு தடவ சொன்னேன். அடுத்த மாசம் அம்புட்டையும் வெட்டிட்டீக. அதுக்கப்புறம் மிச்சம்னு நான் வாயத் திறந்தேனா? நீங்களா உண்டியல எண்ணிப் பாத்துத்தான் குறைச்சீக. மீனு என்ன தானா நடந்து வந்துச்சா?"

"பத்தலன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"கடன் கடன்னு ராத்திரியெல்லாம் புரண்டு படுத்தீகளே. அந்த மனுசங்கிட்டப் போயி பத்தலன்னா சொல்லச் சொல்லுதீக?"

நான் முன்கூட்டி அடைத்ததாக நினைத்த ஒவ்வொரு தொகையிலும் அவள் சுற்றிய குழாய்கள் இருந்தன. எந்தக் கோப்பிலும் ஒரு எழுத்துப் பிழையைக் கூட விடாத நான், பசை காய்ந்து வெடித்திருந்த அவள் விரல் நுனிகளை அன்றுதான் பார்த்தேன். திரியைக் கண்டபோது வந்ததை விட அதுதான் பெரிய அதிர்ச்சி.

மறுநாள் வங்கிக்குப் போகவில்லை. பேட்டரி கடைக்குப் போனேன்.

ஒரு வாரம் கழித்து அந்த மருமகனை வரச் சொல்லி, அவன் செய்ததற்கு எந்தெந்தச் சட்டத்தில் எத்தனை ஆண்டு என்று வரிசையாகச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். முடிவில், "எல்லாம் சரிதான் ஐயா. ஒங்களுக்கு மாசாமாசம் பென்சன் வருது. அப்படியும் ஒங்க வீட்டுல பத்தாமப் போச்சுல்ல?" என்றான். இன்னொரு முறை கேள்விப்பட்டால் நானே நேரில் போய் உன் பெயரைக் கொடுப்பேன் என்று மட்டும் சொன்னேன். இப்போது உரிமம் உள்ள ஒரு கம்பெனியில் லோடு ஏற்றப் போகிறான் என்று அவன் மாமியார் சொல்கிறாள். நம்புகிறேன், போய்ச் சோதிக்கும் அதிகாரம் இப்போது எனக்கு இல்லை.

குழாய் சுற்றுவதை நிறுத்திவிடு என்று மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன். "வீட்டுக்கு மூட்டை வராது. நான் அங்கன போயிச் சுத்திட்டு வாரேன். இனிமே அந்தக் காசு எனக்கு" என்றாள். அந்தக் காசைப் பற்றி நான் கேட்பதில்லை.

வீட்டுப் பத்திரம் இன்னும் வங்கியில்தான் இருக்கிறது. பாக்கிக்குச் சேர்த்த பணம் வீட்டுச் செலவுக்கு ஆகிறது, தவணை அதன் போக்கில் போகிறது. நான் இல்லாத காலத்தில் அவள் சிரமப்படக் கூடாது என்பதற்காக, நான் இருக்கிற காலத்தில் அவளைச் சிரமப்படுத்திக்கொண்டிருந்தேன். அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மூட்டைக் கருந்திரி தேவைப்பட்டது.