பெண்களுக்கும் நல்வரவு: மொன்றியலில் ஒரு பழைய தவறணை

2008 குளிர்காலம். ஸ்கார்பரோவில் பனி வழித்து வழித்து அலுத்துப்போய், ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு மொன்றியலுக்கு பஸ் ஏறினேன். காரணம் இரண்டு. அங்கே லாசால் பகுதியில் அக்கா வீடு இருக்கிறது, தங்குகிற செலவு மிச்சம். மற்றது, அந்தச் சனிக்கிழமை எங்கள் ரொறன்ரோ அணிக்கும் அவர்களுடைய அணிக்கும் ஐஸ் ஹொக்கி ஆட்டம். அதை மொன்றியலின் பழைய தவறணை ஒன்றில் பியர் குடித்துக்கொண்டு, எதிரிகளுக்கு நடுவில் இருந்து பார்க்கவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

தூரம் 540 கிலோமீற்றர். ஆறரை மணித்தியாலம் என்றார்கள். கிங்ஸ்டன் தாண்டியதும் பனி கொட்டியதில் எட்டு மணித்தியாலமானது. குளிர்காலத்தில் போகிறவர்கள் கையோடு சாப்பாடு கொண்டுபோங்கள், வழியில் நிறுத்துகிற இடத்துச் சான்ட்விச் வாயில் வைக்கவே முடியாது.

அக்காவுக்கு டோர்வல் விமான நிலையத்தில் வேலை, விமானங்களுக்குச் சாப்பாடு அடுக்குவது. சனி ஞாயிறு என்று பார்க்கமாட்டார்கள். ஆனால் அந்தச் சனிக்கிழமை அவர் வீட்டில் நின்றார். எனக்குச் சமைத்துப் போடத்தான் நிற்கிறார் என்று நானே நினைத்துக்கொண்டேன். அக்காவின் புருஷன், என் அத்தான், லாசாலிலேயே ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். பிரெஞ்சு சரளம், ஹொக்கி என்றால் பைத்தியம்.

மாலை ஐந்து மணிக்கு, "அத்தான், வெளிக்கிடுவமோ?" என்று குரல் கொடுத்தேன். அக்கா புதுக் கம்பளிச் சட்டை ஒன்று போட்டுக்கொண்டு அறையிலிருந்து வாசலுக்கு வந்தார். "வடிவா இருக்கு அக்கா. நாங்கள் திரும்பி வரேக்க நண்டுக்கறி இருக்கவேணும், சொல்லிப்போட்டன்" என்றேன். அக்கா சிரித்துவிட்டுக் குசினிக்குள் போனார்.

அங்ரினோன் நிலையம்வரை பஸ், பிறகு பச்சைப் பாதை மெற்றோ. இரண்டுக்கும் ஒரே டிக்கெற், இரண்டே முக்கால் டொலர். பஸ்சில் மிச்சக் காசு தரமாட்டார்கள், சில்லறையாகவே வைத்திருங்கள். பீல் நிலையத்தில் இறங்கி ஐந்து நிமிடம் நடந்தால் தவறணை.

வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமில்லை. உள்ளே போனால் கறுத்துப்போன மரச் சுவர், சுவர் நிறையப் பழைய ஹொக்கி வீரர்களின் படங்கள், வினாகிரியில் ஊறும் அவித்த முட்டைகளோடு பெரிய கண்ணாடிப் போத்தல், இரண்டு மூலையிலும் தொலைக்காட்சி. "ரொறன்ரோ எண்டு சத்தமாச் சொல்லிப்போடாதேயும், முட்டை பறந்து வரும்" என்றார் அத்தான். சின்னக் கிளாஸ் பியர் மூன்று டொலர். இங்குள்ள பழைய ஆட்கள் ஒன்று கேட்கமாட்டார்கள், இரண்டிரண்டாகத்தான் எடுப்பார்கள்.

கதவுக்கு மேலே ஒரு பழைய பலகை: 'பியான்வெனு ஓ டாம்'. பெண்களுக்கும் நல்வரவு என்று அர்த்தம். எதற்கு இப்படி ஒன்று என்று பரிமாற வந்த கிழவரைக் கேட்டேன். அவர் சொன்னதை அத்தான் தமிழில் சொன்னார். இந்தக் கியூபெக் மாகாணத்தில் முன்பு தவறணைகள் ஆண்களுக்கு மட்டும். பெண் உள்ளே வந்தால் பியர் கொடுக்கக்கூடாது. புருஷனைக் கூப்பிட வந்த பெண் வாசலில் பனிக்குள் நின்று, போகிற ஆளிடம் சொல்லி அனுப்புவாளாம். பிறகுதான் சட்டம் மாறி இந்தப் பலகை ஏறியதாம்.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. பலகைக்குக் கீழே கிளாசும் கையுமாக நின்று அத்தானைக்கொண்டு படம் எடுப்பித்தேன். அந்த மண்டபத்தில் தமிழ்ப் பெண் நான் ஒருத்திதான். அது பியரைவிட அதிகமாகத் தலைக்கேறியிருந்தது. பெண்கள் எப்படியெல்லாம் வெளியே நிறுத்தப்பட்டார்கள் என்று அத்தானுக்கு ஒரு சின்னப் பிரசங்கமும் வைத்தேன். அவர் பாவம், ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே "ஓம், ஓம்" என்றார்.

முதல் இடைவேளையில் அத்தான் கேட்டார், "உம்மட அக்கா ஏன் கடைசி நேரத்தில வராமல் விட்டவ?"

"எங்க, இங்கயோ? அவ வாறதா இருந்தவவோ?"

"பின்ன? அதுக்குத்தானே லீவு எடுத்தவ. நீர் வாறீர், மூண்டு பேருமாப் போவம் எண்டு ரெண்டு கிழமையாச் சொல்லிக்கொண்டு திரிஞ்சா. உந்தச் சட்டையும் இதுக்கெண்டு வாங்கினதுதான்."

"நீங்கள் ஏன் அவவைக் கேக்கேல்லை?"

"நீங்கள் அக்காவும் தங்கச்சியும் கதைச்சிட்டியள் எண்டெல்லோ நான் நினைச்சன்."

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வா என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. கேட்காதது மட்டுமா, வாசல்வரை வந்தவரைக் கறி வைக்கச் சொல்லிக் குசினிக்குள் அனுப்பியதும் நான்தான். எந்தக் கிழவரும் எந்தச் சட்டமும் அவரைத் தடுக்கவில்லை. கூசிக் குறுகிப்போனேன். அத்தானின் செல்போனில் அக்காவைக் கூப்பிட்டு, "இப்ப வாங்கோ அக்கா, மெற்றோவடியில வந்து நிக்கிறன்" என்றேன். "இனி என்னத்துக்கு? கறி அடுப்பில கிடக்கு. நீங்கள் இருந்து பாருங்கோ" என்றார். குரலில் கோபமே இல்லை, அதுதான் இன்னும் சுட்டது. மிச்ச ஆட்டத்தைப் பார்க்காமலே எழும்பிவிட்டோம்.

போக விரும்புகிறவர்களுக்கு: ஆட்ட நாளில் ஆறு மணிக்கு முன்பே போய்விடுங்கள், பிறகு மேசை கிடைக்காது. ஆளுக்கு இருபது டொலர் தாராளம். ரொறன்ரோச் சட்டையை வீட்டில் விட்டுவிடுங்கள். யாருடைய வீட்டில் தங்குகிறீர்களோ அவர்களில் யார் யார் வருகிறார்கள் என்று வாயைத் திறந்து கேளுங்கள்.

வீட்டில் அக்கா நண்டுக்கறி பரிமாறினார். வேறு சட்டைக்கு மாறியிருந்தார். நான் தலை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மெதுவாகக் கேட்டார், "அது குடும்பப் பொம்பிளையள் போகக்கூடின இடமோ?"

"ஓம் அக்கா. நாளைக்கும் ஆட்டம் காட்டுவினமாம். நாங்கள் மூண்டு பேரும் போவம்."

"நாளைக்கு எனக்கு வேலையெல்லோ" என்று சொல்லி, இன்னொரு நண்டுக்காலை எடுத்து என் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தார்.